உங்க ஆளு எந்த ஷிப்டு?

ஆண்டர்சன்பேட்டை
18 பிப்ரவரி 2001

லூயிசாவுக்கு அண்ணி எழுதுவது.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், நீ டீச்சர். உனக்கு எழுத உட்கார்ந்தாலே கை வேர்க்கிறது. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே.

மூன்று வருஷமாகப் பேசாத நாத்தனார் திடீரென்று எழுதினால், யார் செத்தார்கள் என்றுதான் மனசு கேட்கிறது. கவரைப் பிரிக்காமல் அரிசி டப்பா மேல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ரெபேக்காதான், "பிரிங்கக்கா, காயிதம் கடிக்காது" என்றாள்.

நீ எழுதியதை நான் புரிந்துகொண்டது இதுதான். பெங்களூரில் உங்கள் சபையில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து உபவாச நாளில் எல்லா வீட்டிலும் ஒரே புத்தகத்தைப் படிக்கப் போகிறீர்கள். ஏழைப் பிள்ளை ஒன்றின் கதை. படிக்கிற அன்றைக்கு ஒரு வேளை சாப்பாட்டை நிறுத்துவீர்கள். நிறுத்திய சாப்பாட்டை எங்கள் சுரங்க லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பீர்கள். பிள்ளைகளும் அதே புத்தகத்தைப் படிக்க வேண்டும். சரிதானா? நல்ல காரியம்தான். இந்த மாதக் கடைசியில் தங்கச் சுரங்கத்தை மூடுகிறார்கள். ஆம்பிளைகள் டீக்கடையில் உட்கார்ந்து தரையையே பார்க்கிறார்கள். இனி பிள்ளைகள் பாடு என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

சுரங்கத்துக்காரர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட க்ரீச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆயா வேலை போய்விட்டது, சாவியைக் கேட்க யாரும் வரவில்லை. நீ சின்ன வயசில் விளையாடின இடம்தான், ஆட்களைக் கீழே இறக்குகிற ஷாப்டு கேட்டுக்கு நேர் எதிரே. கூட்டுகிறேன், சமைத்தும் போடுகிறேன். ஆனால் ஒன்று. மேற்குச் சுவரில் ஒரு விரிசல். போன வருஷம் என் சுண்டுவிரல் நுழையாது. இப்போது நுழைகிறது.

இனி கல் விஷயம். கல்லறைத் தோட்டத்தில் உன் அண்ணன் பேருக்கு இடம் வைத்திருக்கிறாய், கல் நாட்டச் சம்மதம் கேட்கிறாய். யாரை வைத்து மூட? கீழே பாறை வெடித்தது, அந்த ஆழத்து லெவலையே அடைத்துவிட்டார்கள், அவர் உள்ளேயே இருக்கிறார். கூட வேலை செய்தவர் கையில் வந்தது அவருடைய சாப்பாட்டு டப்பா மட்டும். டப்பாவுக்குக் கல்லா? அன்றைக்கு இதைச் சொன்னதற்குத்தான் நீ கோபித்துக்கொண்டு ரயில் ஏறினாய். இன்றைக்கும் என் பதில் அதுதான்.

சுரங்கம் மூடினால் பம்பையும் நிறுத்துவார்களாம். நிறுத்தினால் கீழிருந்து தண்ணீர் ஏறும். அதை நினைத்துப் பார்த்தாயா?

ஜெயசீலி


பெங்களூர்
4 மார்ச் 2001

அன்புள்ள அண்ணி,

வாசிப்புக்கு நீங்கள் சம்மதித்ததை ஆராதனை முடிந்ததும் சபையில் சொன்னேன். எல்லாருக்கும் சந்தோஷம். எங்களுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுபவர் சௌந்தரராஜன் ஐயா. டெலிபோன் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ரயில்வே யார்டில் நிலக்கரி பொறுக்கும் ஒரு சிறுமியின் கதை அது. முதல் அத்தியாயம் முடிவதற்குள் இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றிரவு பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பிறகு தெரிந்தது. இத்தனை வருஷத்தில் எங்கள் சபையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

விரிசலை ஒரு கொத்தனாரை வைத்துப் பூசிவிடுங்கள். பழைய கட்டடம், விரிசல் இல்லாமல் இருக்காது.

தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நினைத்துப் பார்த்தேன். நினைக்காமல் இருப்பதற்காகத்தான் இந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். அவர் எனக்கு அண்ணன். துக்கம் உங்கள் ஒருவருக்கு மட்டும் என்பதுபோல் எழுதாதீர்கள். போய் நின்று அழ எனக்கு ஓர் இடம் வேண்டும். மூன்று வருஷமாக நான் கேட்பது அவ்வளவுதான்.

லூயிசா


ஆண்டர்சன்பேட்டை
10 ஜூன் 2001

லூயிசா,

லெந்து முடிந்தும் நிறுத்தாமல் சனிக்கிழமை தோறும் நடக்கிறது. புத்தகக் கட்டும் பருப்பும் ரயிலில் ஒழுங்காக வந்து சேருகின்றன. மழை இன்னும் பிடிக்கவில்லை. காற்று அடித்தால் தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டின சயனைட் மேட்டுத் தூசி வந்து தட்டில் மாவு மாதிரி விழுகிறது. கவிழ்த்து வைத்து, பரிமாறுகிற நேரத்தில்தான் நிமிர்த்துகிறேன்.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறேன். 'நிலக்கரி' என்று ஒரே மூச்சில் வரவில்லை. பிள்ளைகள் சிரிக்கின்றன. சம்பங்கி என்று ஒருத்தி, முனியப்பன் மகள், ஏழு எட்டு வயசு இருக்கும். முனியப்பன் கீழே டிரில் பிடித்தவன். இப்போது விடிகாலை ரயிலில் பெங்களூர் போய்ச் செங்கல் சுமக்கிறான். அவள் என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினாள். "இன்னா அத்தே, நத்தை மாரி போறீங்க. சோறு ஆறிடும். குடுங்க, நானு படிக்கறேன்."

நிறுத்தாமல் படித்தாள். படித்து முடித்ததும், பெங்களூரில் இதே பாடத்தைப் படிக்கிற அன்று சாப்பிட மாட்டார்கள் என்று நான் சொன்னேன். 

"அவங்க சாப்புடாம படிக்கறாங்க. நாம சாப்புடறதுக்குப் படிக்கறோம். அப்போ பொஸ்தகத்துல கீற அந்தப் புள்ளைக்கு யாரு சோறு போடறது?"

டீச்சரைக் கேட்கிறேன் என்றேன். கேட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்றுப் பரிமாறிக்கொண்டிருந்தபோது பூமி குலுங்கியது. பாத்திரமெல்லாம் ஒரு தரம் நகர்ந்து நின்றது. நான் யோசித்து ஓடவில்லை. ஷாப்டு கேட்டில் போய் நின்ற பிறகுதான் கையில் கரண்டி இருப்பதைப் பார்த்தேன். லைன் பெண்கள் எல்லாரும் அங்கே நின்றார்கள். ஒருத்தி தலையில் சோப்பு நுரை. கேட்டில் பூட்டுத் தொங்குகிறது, மேலே கூண்டை இறக்குகிற சக்கரம் அசையவில்லை. வாட்ச்மேன், "யாரைத் தேடறீங்க? கீழ ஒரு ஆளும் இல்ல. போங்கம்மா, போங்க" என்றான். ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாரும் சிரித்தோம். சிரித்தோமே தவிர ஒருத்தியும் நகரவில்லை.

திரும்பி வந்தால் பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தன. சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து சோற்றில் கிடந்தது. சம்பங்கி மட்டும் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "எங்கள வுட்டுட்டு எங்க ஓடனீங்க?"

அவளுக்கு அந்தக் காலத்து முறையைச் சொன்னேன். க்ரீச்சில் நாங்கள் இரண்டு ஆயா, நானும் ரெபேக்காவும். கீழே பாறை வெடித்து மேலே குலுங்கினதும் ஒருத்தியை ஒருத்தி கேட்போம், "உங்க ஆளு எந்த ஷிப்டு?" என்று. யார் ஆள் கீழே இருக்கிறானோ அவள் கேட்டுக்கு ஓடலாம். மற்றவள் பிள்ளைகளோடு இருக்க வேண்டும். உன் அம்மாவும் இப்படி ஓடினவள்தான், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்போ உங்க ஆளு எந்த ஷிப்டு?" என்றாள்.

"மத்தியான ஷிப்டு" என்றேன்.

"எப்ப முடியும்?"

"இன்னும் முடியல கண்ணு."

பம்பை நிறுத்தியாயிற்று. தண்ணீர் ஏறுகிறதாம். எந்த லெவலுக்கு வந்திருக்கிறது என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

ஜெயசீலி


பெங்களூர்
20 ஜூன் 2001

அன்புள்ள அண்ணி,

கரண்டியோடு ஓடியதை வேடிக்கைபோல் எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பிள்ளைகளை ஒரு பழைய கட்டடத்தில் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அடுப்பு எரிந்துகொண்டிருந்திருக்கும். சாம்பாரில் ஒன்று கை வைத்திருந்தால்?

சுரங்கம் மூடியாகிவிட்டது. கீழே யாரும் இல்லை. அண்ணனும் இல்லை. அவர் ஷிப்டு 'இன்னும் முடியவில்லை' என்று ஒரு குழந்தையிடம் சொல்லலாமா? அது குழந்தை, நம்பிவிடும்.

இனி குலுங்கினால் பிள்ளைகளை இருந்த இடத்திலேயே உட்கார வைத்து, நீங்களும் அவர்களோடு உட்காருங்கள். ஓட விடாதீர்கள், ஓடாதீர்கள். அது உங்களால் முடியாதென்றால் சாவியை ரெபேக்காவிடம் கொடுத்துவிடுங்கள். கடுமையாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. சபையார் என்னை நம்பிக் கொடுக்கிறார்கள்.

சம்பங்கியின் கேள்வியைச் சபையில் வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். சௌந்தரராஜன் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போகும்போது என்னிடம் வந்து, "அந்தப் பிள்ளைக்கு நான் நேர்ல போய்ப் பதில் சொல்லணும்" என்றார். அக்டோபரில் அவரை அழைத்து வருகிறேன்.

சுவரில் மாட்ட ஒரு பெரிய சார்ட் அனுப்பியிருக்கிறேன். 'வாசிப்போம், பகிர்வோம்' என்று எங்கள் ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் எழுதியது. பூச்சு வேலை ஆகவில்லையென்றால் அதை அந்த விரிசலுக்கு மேல் ஒட்டிவிடுங்கள். வருகிறவர் கண்ணில் அசிங்கமாகப் பட வேண்டாம்.

லூயிசா


ஆண்டர்சன்பேட்டை
2 செப்டம்பர் 2001

லூயிசா,

சாவியை ரெபேக்காவிடம் நீட்டினேன். "எனக்கு வாணாங்கா. எனக்கும் கேட்டுக்கு ஓடற காலு தான்" என்று சொல்லிவிட்டாள். அதனால் இன்னும் என்னிடமே இருக்கிறது.

ஓட மாட்டேன் என்று பிள்ளைகளிடம் சத்தியம் செய்தேன். சம்பங்கி நம்பவில்லை. "உங்க வாய் சொல்லுது, காலு கேக்குமா?" என்றாள். இப்போது சனிக்கிழமை ஆனால் என் முந்தானை நுனியைத் தன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் உட்காருகிறாள். நான் அடுப்பண்டை போனால் அவளும் வருகிறாள், தண்ணீர் மொள்ளப் போனால் அவளும் வருகிறாள். மற்ற பிள்ளைகள், "அத்தை மாடு, சம்பங்கி கண்ணுக்குட்டி" என்று கேலி செய்கின்றன. கண்ணுக்குட்டிதான் மாட்டைக் கட்டி வைத்திருக்கிறது என்று அவள் திருப்பிக் கொடுக்கிறாள்.

இன்பராஜ் கொத்தனாரைக் கூட்டி வந்து காட்டினேன். சுவரைத் தட்டினான், தரையைத் தட்டினான், பிறகு வெளியே போய் ஷாப்டு வரைக்கும் பார்த்தான். "அக்கா, செவுரு நகரல. கீழ பூமி நகருது. பூசினா சிமெண்டு தான் வீண்" என்றான். அவன் சொல்வது சரியோ தப்போ எனக்குத் தெரியாது. கூலி வாங்காமல் போனான். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ சொன்னபடி சார்ட்டை மைதா பசை போட்டு விரிசல் மேல் ஒட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. போன வாரம் கதவைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. 'வாசிப்போம்' அந்தப் பக்கம், 'பகிர்வோம்' இந்தப் பக்கம். பிள்ளைகள் கிழித்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சாவி என்னிடம் இருக்கிறது, லூயிசா. உள்ளே யாரும் போகவில்லை.

மரத்தடியில் உட்கார வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் நடந்தது, மூன்றாம் வாரம் மழை. இங்கே சபை ஹாலைக் கேட்டேன், சனிக்கிழமைகளில் கல்யாணம் இருக்கிறது என்றார்கள். நிறுத்திவிடலாம் என்றால் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்தே என் வாசலில் வந்து நிற்கின்றன. சிலதுக்கு அந்த வாரத்தில் பருப்பு போட்ட சோறு அது ஒன்றுதான்.

அந்தப் பெரியவரைக் கூட்டி வருவதை இப்போது வேண்டாம் என்று தள்ளிப் போடு. மழை முடியட்டும். எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை. தரையில் காது வைத்தால் சில நாள் சத்தம் கேட்கிறது. தண்ணீர்ச் சத்தமா என்று தெரியவில்லை.

ஜெயசீலி


பெங்களூர்
23 செப்டம்பர் 2001

அன்புள்ள அண்ணி,

தள்ளிப் போட முடியவில்லை. சௌந்தரராஜன் ஐயாவுக்கு நவம்பரில் கண் ஆபரேஷன். அதற்கு முன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்கிறார். அக்டோபர் 13, சனிக்கிழமை. நானும் அவரும் மட்டும். பங்காருபேட்டையில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுகிறோம்.

மழை இல்லையென்றால் மரத்தடியிலேயே வைத்துக்கொள்வோம். மழை பெய்தால் ஒரே ஒரு மத்தியானம்தானே. இத்தனை வருஷம் நின்ற சுவர் இன்னொரு மத்தியானம் நிற்காதா?

தரையில் காது வைத்துக் கேட்பதை விட்டுவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

லூயிசா


ஆண்டர்சன்பேட்டை
17 அக்டோபர் 2001

லூயிசா,

நீ ஆம்புலன்ஸில் ஏறிப் போகும்போது உன் காலில் செருப்பு இல்லை. ஷாப்டு கேட்டுக்குப் போகிற வழியில் ஒன்று கிடந்தது, சாக்கடை ஓரம் ஒன்று. இரண்டையும் கழுவி வைத்திருக்கிறேன்.

அந்தப் பெரியவர் எப்படி இருக்கிறார் என்று எழுது. ராபர்ட்சன்பேட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெங்களூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள்.

உனக்குத் தெரியாததை எழுதுகிறேன். நீ கேட்டை விட்டு நகராமல் நின்றதால் பலதும் பார்க்கவில்லை.

மழை. அதனால்தான் உள்ளே உட்கார்ந்தோம். ஐயா க்ரீச் நாற்காலியில் உட்கார்ந்தார், முழங்கால் தாடைக்கு வந்தது, பிள்ளைகள் சிரித்து உருண்டன. அவரும் சிரித்தார். நீ அப்போது பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாய். சம்பங்கி நேராக அவரிடம் போனாள், என்னையும் முந்தானையோடு இழுத்துக்கொண்டு. "ஐயா, பதிலு கொண்டாந்தீங்களா?" அவர், "சாப்பிட்டு முடிச்சிட்டுச் சொல்றேம்மா" என்றார்.

குலுங்கியது.

நீதான் முதலில் ஓடினாய், லூயிசா. இத்தனை வருஷமாக ஓடுகிற எனக்கு முன்னால். ஓடாதே என்று எழுதினவள். உன் பின்னால் நான். முந்தானை இழுத்தது, விடுவிக்கத் தோன்றவில்லை. சம்பங்கியும் கூடவே வந்தாள். அவள் ஓடவும் மற்ற பிள்ளைகள் தட்டோடு எங்கள் பின்னால் ஓடி வந்தன. எல்லாம் சுரங்கத்து வீட்டுப் பிள்ளைகள், வேறு எந்தப் பக்கம் ஓடும்? நீ கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "அண்ணா" என்று கூப்பிட்டாய். நான் கேட்டேன். அந்த நேரத்தில்தான் பின்னால் சத்தம் கேட்டது.

திரும்பினால் க்ரீச் இருந்த இடத்தில் மழை மட்டும் தெரிந்தது.

முதலில் சோறு ஊட்டிப் பாயில் தூங்க வைத்த சின்னதுகள் இரண்டு உள்ளே இருந்தன. அவரும். லைனில் இருந்த ஆம்பிளைகள் கடப்பாறையோடு வந்தார்கள். யாரும் கத்தவில்லை. கீழே செய்கிற மாதிரியே ஒருவர் கல்லை எடுத்து அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். மேற்குச் சுவர் முழுசாக அவர் முதுகில் கிடந்தது. அவர் கையும் முழங்காலும் ஊன்றி மாடு மாதிரி நின்றிருந்தார், அடியில் இரண்டு பிள்ளைகள். ஒன்று விழிக்கக்கூட இல்லை. இன்னொன்று வாயில் சோற்றோடு அழுதது. சுவரைத் தூக்கின பிறகுதான் அவர் சாய்ந்தார்.

நான் உன் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருந்தால் எல்லாரும் உள்ளே இருந்திருப்போம். நீ என் பேச்சைக் கேட்டுத் தள்ளிப் போட்டிருந்தால் அவர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டார். இதை எழுதி எழுதி அடித்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. ஓடினது நல்லதா கெட்டதா என்றும் தெரியவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை நாம். அவர் வெளியூர்க்காரர். இங்கே குலுங்கினால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஜெயசீலி


பெங்களூர்
4 நவம்பர் 2001

அன்புள்ள அண்ணி,

இந்தக் கடிதத்தைப் பல தடவை தொடங்கிவிட்டேன்.

சௌந்தரராஜன் ஐயா பிழைத்துவிட்டார். இடுப்பு எலும்பும் முதுகும் நொறுங்கியிருக்கின்றன. இனி நடப்பாரா என்று கேட்டால் டாக்டர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். நினைவு நன்றாக இருக்கிறது. முதல் நாள் என்னைப் பார்த்ததும் கேட்டார்: "எல்லாரும் ஓடினீங்களே, எங்கேன்னு சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே?" குறையாகச் சொல்லவில்லை, அண்ணி. பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கிறவர்போல் கேட்டார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

சம்பங்கிக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டோம் என்று வருத்தப்படுகிறார். என்ன பதில் வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா. சாப்பிட்டுக்கிட்டே யோசிக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

சபைக் கமிட்டி கூடி வாசிப்பை நிறுத்திவிட்டது. அடுத்த லெந்துக்கு வேறு ஏதாவது பார்க்கலாம் என்கிறார்கள். புத்தகத்தில் இன்னும் இரண்டு அத்தியாயம் மிச்சம் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

நான் ஏன் ஓடினேன் என்று எனக்கு விளங்கவில்லை. பதினெட்டு வயதில் அந்த ஊரை விட்டு வந்தவள். என் கால்கள் அதை மறந்துவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன். கேட்டைப் பிடித்து நான் கூப்பிட்டது உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நிற்க ஓர் இடம் வேண்டும் என்று உங்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். எனக்கும் இடம் அங்கேதான் இருந்திருக்கிறது. கல்லைப் பற்றி இனி கேட்க மாட்டேன்.

செருப்பு இருக்கட்டும்.

லூயிசா


ஆண்டர்சன்பேட்டை
16 டிசம்பர் 2001

லூயிசா,

க்ரீச் இல்லை என்றாலும் பிள்ளைகள் சனிக்கிழமை என் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகின்றன. இருப்பதைக் கொதிக்க வைக்கிறேன். லைன் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். முன்னே கோயிலுக்கு எடுத்த பிடி அரிசி. குருவானவரிடம் சொல்லிவிட்டோம். மிச்சம் இருந்த இரண்டு அத்தியாயத்தையும் சம்பங்கி படித்து முடித்தாள். முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. "பணக்காரங்க வூட்டுக்குப் போயி அந்தப் புள்ள தூங்கிடுச்சாம். அப்பறம்?" என்றாள்.

பெங்களூர் ஐயா படுத்திருக்கிறார் என்று சொன்னேன். ஒரு பையன், "அவருக்கோசரம் நாம ஒரு வேளை நிறுத்தலாமா?" என்று கேட்டான். சம்பங்கி அவன் மண்டையில் தட்டினாள். "கீறதே ஒரு வேளை. அத்த நிறுத்திட்டு எத்த சாப்புடுவ?" என்றாள். பிறகு அவளே தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து வாழை இலைத் துண்டில் வைத்தாள். எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் வைத்தார்கள். அதை எப்படி உனக்கு அனுப்புவது? கடைசியில் அதைத் தூங்குமூஞ்சி இரண்டுக்கும் ஊட்டினார்கள், அவர் காப்பாற்றினதுகளுக்கு. அவள் கேட்டதற்கு இது பதிலா என்று அவரிடம் கேட்டுப் பார்.

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி குலுங்கியது. வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கதவுகள் எல்லாம் திறந்தன, பெண்கள் எல்லாரும் கேட்டுப் பக்கம் ஓடினார்கள். நானும் ஓடினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னை இடித்துக்கொண்டு போகிறார்கள் என்று தெரிந்தது. ரெபேக்கா என் கையைப் பிடித்து, "அக்கா, கேட்டு இந்தப் பக்கம்! எங்க போறீங்க?" என்றாள். உதறிவிட்டு ஓடினேன்.

முனியப்பன் வீட்டு வாசலில்தான் என் கால் நின்றது.

சம்பங்கி வெளியே குடத்தோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம். "இன்னா அத்தே, வழி மாறி வந்துட்டீங்களா?"

எனக்கு மூச்சு வாங்கியது. அவள் குடத்தை வைத்துவிட்டு என் முந்தானையைப் பிடித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள், "உங்க ஆளு ஷிப்டு முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு கண்ணு" என்றேன். சொன்ன பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் போனதிலிருந்து அப்படி அழுததில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வா. கல் வைப்போம். நான் டப்பாவைக் கொண்டுவருகிறேன், அதை அடியில் வைத்து மூடலாம். பேரும் வருஷமும் போதும், வசனம் வேண்டாம். உன் செருப்பு இங்கேதான் இருக்கிறது.

வரும்போது இன்னொரு விஷயமும் பேச வேண்டும். அழுதுவிட்டு எழுந்திருக்கும்போது முனியப்பன் வீட்டுச் சுவரில் கை வைத்தேன். ஜன்னலுக்குக் கீழே மயிர் மாதிரி ஒரு கோடு. போன மாதம் இல்லை. என் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன்.

இன்னும் நுழையவில்லை. சீக்கிரம் வா.

உன் அண்ணி
ஜெயசீலி